அண்ணியை ஏற்றாத விமானம்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்பது பேச்சுக்குத்தான். தோளைத் தொட்டால்தான் திரும்புவார். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் எதிரில் நிற்கிறவர் வாய் தெரிந்தால் போதும், ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார். தெருமுனையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் ஜன்னலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "அந்தம்மா மருமகளைத் திட்டுது, சின்னவளே. காது கொடுத்துக் கேக்க முடியல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். சின்னவள் என்பது நான்தான்.

எனக்குச் சீக்கிரம் கோபம் வராது. பக்கத்து வீட்டுக் குப்பை என் வாசலுக்கு வந்தால்கூடப் பேசாமல் கூட்டி அள்ளிவிட்டு உள்ளே போகிறவள். ஆனால் உலகமே கதவடைத்த அந்த நோய்க் காலத்தில் ஒரு விமான நிலையத்தில் அண்ணிக்கு நடந்ததை நினைத்தால், பிரார்த்தனைக்கு உட்கார்ந்த இடத்திலேயே பல்லைக் கடிக்கிறேன். ஆண்டவன் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும். செய்கிறேன்.

முதலில் அண்ணி யார் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொல்வாராம். முதுகைப் பார்த்து யார் என்ன படிக்க முடியும்? "இதுக்கு மண்டையில எதுவும் ஏறல" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தம்பிதான், அதாவது என் வீட்டுக்காரர்தான், சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்து திறந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். "வாய் வலிச்சது எனக்கு, பேர் வாங்கினது அவ" என்பார் இன்றைக்கும். அண்ணி நன்றாகப் படிப்பார், எழுதுவார். என்னைவிட நன்றாக எழுதுவார்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேசி அது புரியாவிட்டால், புரியவில்லை என்று சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். "ஏன் அண்ணி இப்படி?" என்று கேட்டிருக்கிறேன்.

"புரியலன்னு சொன்னா மூஞ்சி மாறிடுது. தலையாட்டினா சந்தோஷமாப் போயிடறாங்க. எனக்கும் ரெண்டு வசவு மிச்சம்."

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை லாரி டிரைவர். மேல் உதட்டை மூடி நல்ல அடர்த்தியான மீசை. அவர் பேசியதில் பாதி மீசைக்குள்ளேயே போய்விட்டது. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடக்கமான பொண்ணு என்று அவர்கள் வீட்டில் சந்தோஷம். காது கேட்காது என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தோம். ஆனாலும் பெண் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்ததும் டிரைவர் வேறு பாட்டுப் பாடினார். இவளுக்குப் புத்தி சரியில்லை, சொன்னது ஒன்று செய்வது ஒன்று, குழந்தையை இவளிடம் விட முடியாது என்று கோர்ட்டுக்குப் போனார்.

ஜட்ஜ் ஒரு பெண்மணி. அண்ணியை மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, முகத்துக்கு நேராக நிதானமாகக் கேட்டார்: "ராத்திரி குழந்தை அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அறியாமல், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "வயித்து மேல போட்டுத் தூங்குவேம்மா. அது அழுதா என் உடம்பு அதிரும்."

குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. ஆனால் ஜட்ஜம்மா டிரைவரைப் பார்த்து இதையும் சொன்னார்: புத்தி சரியில்லை என்பதற்கு நாளைக்கு ஆதாரம் ஏதாவது கிடைத்தால் மறுபடி வரலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டிரைவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன மாதிரி போனார். அண்ணியும் அந்த வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அப்புறம் பிழைப்புக்காக அண்ணி கடல் தாண்டிப் போனார். பெரிய ஓட்டல் ஒன்றின் லாண்டரியில் வேலை. என் வீட்டுக்காரருக்கு முதுகு போய் வேலை நின்றதும், அண்ணியே சொல்லி என்னையும் அங்கே வரவழைத்தார். எனக்கு ஆண்டவன் குழந்தை தரவில்லை. அண்ணியின் மகளைத்தான் தந்தான். அவள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், வீட்டோடு இருந்து அவளைப் பார்த்துக்கொள்ள, அம்மாவும் அத்தையும் வெளிநாட்டில் விரிப்பு துவைத்தோம்.

அந்த லாண்டரியில் அண்ணி ஒரு ராணி. துவைக்கிற இயந்திரமும் உலர்த்துகிற இயந்திரமும் ஓடுகிற சத்தத்தில் அங்கே எல்லோரும் செவிடுதான். எங்களுக்கெல்லாம் தலைவலி, அண்ணிக்கு ஒன்றுமில்லை. விரிப்பைச் சூடான உருளைக்குள் விட ஒரு கை சைகை, மடிக்க ஒரு சைகை, சூடு போதும் நிறுத்து என்பதற்கு ஒரு சைகை. எல்லாம் அண்ணி பழக்கியது. புதிதாக வருகிறவள் கத்திப் பேசினால், "அடி பைத்தியமே, வாயை மட்டும் அசை, தொண்டையை மிச்சம் பண்ணு" என்பார்.

நோய் வந்ததும் ஒரு காலையில் எங்களுக்கெல்லாம் மாஸ்க் கொடுத்தார்கள். வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துவிட்டு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இது? எல்லா மூஞ்சியும் ஷட்டர் இறக்கின கடை மாதிரி இருக்கு."

அன்றைக்குச் சிரித்தோம். கொஞ்ச நாளில் ஓட்டலே ஷட்டரை இறக்கியது. மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஊருக்குப் போகிறவர்கள் போகலாம் என்றார். போவதற்கு விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். மாமாவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப் போய்விட்டது. மாடி வீட்டு டீச்சர் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுத் தள்ளி நின்று கதவைத் தட்டுகிறாராம். என் வீட்டுக்காரர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"அம்மா, அப்பா போன் பண்ணினார். தனியா இருக்கியாமே, வந்து கூட்டிட்டுப் போறேங்கறார்."

அண்ணி போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "கதவைத் திறக்காதே. யார் வந்தாலும் திறக்காதே. நான் வந்துட்டே இருக்கேன்."

வந்துகொண்டேதான் இருந்தோம், ஒவ்வொரு நாளும், மனசால். எங்கள் நாட்டு அரசாங்கம் ஒரு தனி விமானம் அனுப்புகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் அலையாய் அலைந்து இடம் வாங்கினோம். அது எப்படி என்று எழுதினால் அதுவே ஒரு ராமாயணம். இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

விமான நிலையத்தில் எங்களைச் சோதிக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் நாட்டு ஆட்கள். எங்கள் பேச்சுப் பேசுகிறவர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அதிகம் எரிகிறது.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் போய்ப் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் கோட்டைத் தாண்டலாம். அண்ணி எனக்கு முன்னால். நான் காவலாளியிடம் சொன்னேன்: "தம்பி, அவங்களுக்குக் காது கேக்காது. நான் கூடப் போய்ச் சொல்றேன்."

"உங்க முறை வரப்ப வாங்கம்மா. அவங்க என்ன பச்சைப் புள்ளையா?"

"வாய் தெரிஞ்சா அவங்களே பதில் சொல்லிடுவாங்க. மாஸ்க் இருக்கறதால..."

"கோட்டுக்குப் பின்னால நில்லுங்க!"

மேஜையில் இருந்த பையன் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில், மாஸ்க் போட்டு, அதன் மேல் கண்ணாடித் தகடும் மாட்டியிருந்தான். வாய் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியவில்லை. அவன் என்னமோ கேட்டான். அண்ணி தலையாட்டினார். இன்னொன்று கேட்டான். அண்ணி தலையாட்டினார். "அண்ணி!" என்று கத்தினேன், கத்தி என்ன பிரயோஜனம்? மூன்றாவதும் கேட்டான். இந்தத் தடவை நன்றாக, மரியாதையாக, இரண்டு முறை ஆட்டினார். அவன் எழுந்து தோளில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஓரத்தைக் காட்டினான்.

நான் கோட்டைத் தாண்டி ஓடினேன்.

"காய்ச்சல் இருக்கான்னு கேட்டேன், ஆமாம்னாங்க. இருமலுக்கும் ஆமாம். நோயாளிங்க கூட இருந்தீங்களா, அதுக்கும் ஆமாம்."

"ஐயோ தம்பி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. கருவியை வெச்சுப் பாரு, சூடு இருக்கான்னு."

நெற்றியில் கருவியை நீட்டினான். காய்ச்சல் இல்லை என்றுதான் காட்டியது.

"பார்த்தியா?"

"கருவி தப்பாக் காட்டும்மா. பயணி சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்கணும்."

பிறந்ததிலிருந்து அண்ணி சொன்னதை ஒருவர் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான்.

நான் மாஸ்க்கை இறக்கி அண்ணிக்கு விஷயத்தைச் சொல்லப் போனேன். காவலாளி ஓடி வந்தான். "மாஸ்க் இறக்கினா உங்களையும் நிறுத்திடுவோம்!" சட்டென்று ஏற்றிக்கொண்டேன். சைகை காட்டலாம் என்றால் எங்கள் சைகையெல்லாம் விரிப்புக்கும் தலையணை உறைக்கும் உண்டானது. நெற்றியைத் தொட்டேன், இருமிக் காட்டினேன், அவரைச் சுட்டினேன். அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல! எனக்கு இல்ல! ஒண்ணும் இல்ல!" என்று கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர்கள் நோய்க்குப் பயந்து பெட்டியை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

"இப்ப இல்லங்கறாங்க. எதைத்தான் நம்பறது? உள்ள பெரிய அதிகாரி இருக்கார், அவர்கிட்டப் பேசிக்குங்க" என்று பையன் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

பெரிய அதிகாரி கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் கீழே பாஸ்போர்ட் கொடுக்க ஒரு சின்னத் திறப்பு. நாங்கள் போனபோது அவர் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இன்னொருவரோடு ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார்.

"இவர் நல்லவர், சின்னவளே. வாய் தெரியுது. மச்சான் வீடு கட்டறதைப் பத்திப் பேசறார்" என்று என் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் நின்றதும் அவர் டீயை வைத்தார். மாஸ்க்கை ஏற்றினார். பேசினார்.

அண்ணி சிரித்த முகத்தோடு தன் காதைத் தொட்டுக் காட்டி, அவர் வாயைக் காட்டி, கையைக் கீழே இறக்கிக் காட்டினார். "கொஞ்சம் இறக்கிட்டுப் பேசுங்க சார். எனக்குப் புரிஞ்சிடும்."

"இறக்கக் கூடாது. விதி."

"இப்பதானே சார் இறக்கியிருந்தீங்க?" என்றேன் நான்.

"அது டீ."

"நடுவுல கண்ணாடி இருக்கே சார். இல்லாட்டி எழுதிக் காட்டுங்க. அவங்க நல்லாப் படிப்பாங்க."

"ஒவ்வொருத்தருக்கும் கட்டுரை எழுதிட்டு உக்காந்திருக்கறதா? பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

பின்னால் நின்றவர்களும் சும்மா இல்லை. கழுத்தில் தலையணை மாட்டியிருந்த ஒருவர், பார்த்தால் படித்தவர், "ஒரு ஆளுக்காக எல்லாரும் நிக்கணுமா? அந்தம்மாவை விட்டுட்டுக் கிளம்புங்க சார்" என்றார். அவர் மனைவி, "பாவம்" என்றார். பாவம் என்று சொல்லிவிட்டு அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கக் குனிந்தார். அப்போதும் மாஸ்க்குக்குள்ளே என்னமோ கேட்டுக்கொண்டே குனிந்தார். முகம் திறப்புக்குக் கிட்டத்தில் வந்தது. அண்ணி கையை உள்ளே விட்டு, மாஸ்க்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, மாஸ்க் இன்னொரு காதில் தொங்கியது.

"செவிட்டு முண்டமே! அறிவிருக்கா உனக்கு?"

அந்த விமான நிலையத்துக்குள் வந்ததிலிருந்து ஒருவர் அண்ணியிடம் பேசி அவருக்கு முழுசாகப் புரிந்தது அதுதான். நிமிர்ந்து நின்றார்.

"இப்பப் புரியுது. கேட்டுக்குங்க. காய்ச்சல் இல்ல. இருமல் இல்ல. அறிவு இருக்கு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அதிகாரிக்கு வந்தது பயம். சிரிப்புக்கு அப்புறம் வந்தது ரோஷம். கையில், முகத்தில், மேஜையில் எல்லாம் மருந்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். காவலாளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அண்ணிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். அப்புறம் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி பேசினார்.

"இங்க பாருங்கம்மா. அதிகாரி மேல கை வெச்சாச்சு. நான் எழுதினா இவங்க இங்கேயேதான். உங்களுக்காக ஒரு வழி சொல்றேன். இவங்களுக்குப் புத்தி சுவாதீனம் இல்லன்னு சொந்தக்காரரா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நோயாளின்னு போட்டு உங்க பொறுப்புல அனுப்பிடறேன். விமானத்துல அதுக்குத் தனி இடமே இருக்கு."

"காது கேக்காதுன்னு போடுங்க சார். அதுதானே உண்மை?"

"காது கேக்காததுக்குன்னு விதி எதுவும் இல்லம்மா. புத்தி சரியில்லாததுக்குத்தான் இருக்கு."

இதுவரைக்கும் அந்த ஆளை அவர் இவர் என்று எழுதினேன். இனி என் கை எழுதாது. அவன் அதைச் சொல்லிவிட்டு மிச்ச டீயைப் பார்த்தான், ஆறிவிட்டதா என்று.

மாஸ்க் ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்ததை அவன் மறந்துவிட்டான். நான் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற பிடி.

"சொல்லாதே."

நான் மாஸ்க்கை இறக்கினேன். இந்தத் தடவை எந்தக் காவலாளியும் வாய் திறக்கவில்லை. "அண்ணி, பாப்பா தனியா இருக்கா. இந்த விமானத்தை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன், சொல்லாதே. அரசாங்கமே அப்படிப் போட்டுட்டா அவ அப்பனுக்கு அது போதும். நேரா கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போவான். நான் வீடு போய்ச் சேர்ந்தும் அவ எனக்கில்ல."

"அப்ப என்ன பண்றது?"

"நீ போ."

"உங்களை விட்டுட்டா?"

"நீ போய்க் கதவைப் பிடி, சின்னவளே. நான் வர வரைக்கும் பிடிச்சுக்கோ." பிறகு அதிகாரியைப் பார்த்தார். "சார், உங்க மேல கை வெச்சது தப்பு. மன்னிச்சிடுங்க. ஆனா அந்தப் பேரை எனக்கு வெக்காதீங்க."

இவ்வளவு தெளிவாக ஒரு புத்திசாலி பேசியதைக் கேட்டுவிட்டு அவன் தோளைக் குலுக்கினான். சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறவர்களை ஏற்ற முடியாது என்றான். காவலாளிகள் அண்ணியைக் கூட்டிப் போனார்கள். போகும்போது அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் கேட்காது என்று தெரிந்தும் நான் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

அப்புறம் அண்ணி லாண்டரிக்காரிகள் இரண்டு பேர் அறையில் ஒண்டிக்கொண்டு, ஒரு கிடங்கில் தரை துடைத்து, வெகு மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதே கவலையில் இருக்க வேண்டாம். ஆனால் வந்து சேர்ந்துவிட்டார் என்பதால் நடந்தது சரியாகிவிடாது.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இடம் அண்ணியுடையது. காலியாக இருந்தது. நடைவழியில் நின்ற கழுத்துத் தலையணைக்காரர் தன் பையை அதில் வைத்தார். "யாரும் வரலையே" என்றார்.

"எடுங்க" என்றேன்.

"என்னம்மா?"

"எடுங்கன்னா எடுங்க! ஆள் இருக்கு!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பணிப்பெண் ஓடி வந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டார். பயணம் முழுக்க அந்த இடத்தில் என் கையை வைத்துக்கொண்டே வந்தேன். பிரார்த்தனை சொல்லப் பார்த்தேன். பாதியில் பாதியில் அந்த டீ கோப்பை வந்து நின்றது.

ஊரில் இறங்கியதும் புறங்கையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர், வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, யாரும் கிட்டே போகக் கூடாது என்று அர்த்தம். வீட்டு வாசலில் நின்று, "அத்தை வந்திருக்கேன்" என்றேன். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. மகள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். வண்டி திரும்பிப் போவதைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

கொல்லைப்புற அறையில் நான், கூடத்தில் அவள், நடுவில் கதவு. கதவு வழியாக எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம் இல்ல? பொய்தானே? பொய் சொல்லிட்டு வந்திருந்தா இப்ப இங்க இருந்திருப்பா இல்ல?"

"உன் அப்பா அதை வெச்சு..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது அத்தை. மாமாவும் இல்ல. நான் எத்தனை நாளா தனியா இருக்கேன் தெரியுமா?"

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் இரண்டு வார்த்தை பேசினார், மூச்சு பரவாயில்லை என்று. அந்த நிம்மதியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே டிரைவர் வந்துவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் வெளிக் கதவுவரை போய் நின்றேன். மகள் எனக்குப் பின்னால் தள்ளி, கூடத்து வாசலில் நின்றாள்.

"என்னம்மா, நீ மட்டுமா வந்தே? உன் அண்ணி வரலையா? எனக்கு அப்பவே தெரியும். பொண்ணைவிட அவளுக்கு அந்த ஊர் பெருசு."

"அண்ணே, அண்ணி வருவாங்க."

"வரப்ப வரட்டும். பாப்பாவை அனுப்பு. ஆம்பளை இல்லாத வீட்ல பொண்ணை விட்டுட்டுப் போக முடியாது."

"அனுப்ப முடியாது, அண்ணே."

"நீ யாரு அதைச் சொல்ல?" என்று வெளிக் கதவைத் தள்ளினார். அவர் வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து அண்ணி எத்தனை முறை இந்தக் குரலைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் ஒதுங்கிவிடுவேன். கையை நீட்டினேன். ஊதா முத்திரை அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

"வாங்க அண்ணே. தாராளமா உள்ள வாங்க. நேத்துத்தான் விமானத்துல வந்தேன். பாப்பாவும் நானும் ஒரே வீட்லதான் இருக்கோம். வந்து அவளைத் தொட்டுத் தூக்கி வண்டியில ஏத்துங்க."

அவர் பின்னால் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. கதவில் வைத்த கையைச் சட்டையில் துடைத்தார், சட்டையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கல. இருமல் வந்தா சொல்லியனுப்பறேன் அண்ணே, உடனே வந்து கூட்டிட்டுப் போங்க."

வண்டி தெருவைத் தாண்டுகிறவரை கையை இறக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து டீச்சர், "நல்லா கேட்டீங்க!" என்றார். ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. இங்கே நான் நின்றது அண்ணி நிற்க வேண்டிய இடம்.

சாயங்காலம் அண்ணி வீடியோவில் வந்தார். மகள் போனை மேஜையில் சாய்த்து வைத்து, நேர் எதிரில் உட்கார்ந்தாள். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்ததையும் போனதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணி கைதட்டிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"நீ ஏம்மா வரல? எல்லாருக்கும் பதில் சொல்றே, எதிர்த்துப் பேசறே. எனக்காக ஒரு தடவை பேசாம இருந்திருக்கக் கூடாதா? அவன் என்ன சொன்னா என்ன? உனக்கு உன் பேர்தான் பெருசா?"

அவள் கேட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டு வயதுக்கு அவ்வளவு வார்த்தை எங்கிருந்து வந்ததோ. உள்ளே போய்த் தடுக்கலாமா என்று எழுந்தேன். அண்ணி கண்ணை எடுக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைக்கும் தலையாட்டவில்லை, சமாதானம் சொல்லவில்லை. மூச்சு வாங்க மகள் நிறுத்தினாள்.

"திட்டி முடிச்சிட்டியா?" என்றார் அண்ணி.

"இல்ல."

"சரி, திட்டு. சார்ஜ் நிறைய இருக்கு."